அன்றைக்கு இல்லாத சொல்: வணிகச் செய்தித் தரவுத்தளத்தில் தேடும்போது

2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் கிடையாது என்று அதில் ஒப்புக்கொண்டார். இது அநேகமாக எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த கேள்வி வேறு. அந்தக் கடிதத்துக்கு முந்தைய வாரங்களில் பத்திரிகைகளில் என்ன வந்திருந்தது? கூர்ந்து படித்த ஒருவருக்கு அப்போதே ஏதாவது தட்டுப்பட்டிருக்குமா?

பத்திரிகைகளின் பழைய செய்திகளைச் சேர்த்து வைத்திருக்கும் வணிகச் செய்தித் தரவுத்தளத்தில் தேடிப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. புதிதாகப் பழகுபவர்களிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தால், பெரும்பாலானோர் முதலில் தட்டுவது சத்யம், ஸ்கேம் என்ற இரண்டு சொற்களைத்தான். முடிவுகள் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். கிட்டத்தட்ட எல்லாமே ஜனவரி 7-க்குப் பிந்தியவையாக இருக்கும். கேட்டது முன்னால் நடந்ததை, கிடைத்தது பின்னால் எழுதியதை. காரணம் எளிது. ஜனவரி 6 வரை எந்தச் செய்தியாளரும் சத்யம் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஸ்கேம் என்ற சொல்லை வைத்து எழுதியிருக்கச் சந்தர்ப்பம் மிகக் குறைவு. அந்தச் சொல் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

தேடுவதில் நான் முக்கியமாகக் கருதுவது இந்த ஒன்றைத்தான். நமக்கு இன்று தெரிந்த பெயரையும் முடிவையும் வைத்துக்கொண்டு தேடக் கூடாது. அன்றைக்கு, அந்த மேசையில் உட்கார்ந்து, அந்த மாலைக்குள் செய்தியை முடிக்க வேண்டியிருந்த ஒருவர் எந்தச் சொற்களைப் போட்டிருப்பார் என்று யோசிக்க வேண்டும். தரவுத்தளத்துக்குச் சம்பவங்கள் தெரியாது, சொற்கள்தான் தெரியும்.

கூகுளில் தேடிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அந்நியமாக இருக்கும். கூகுள் நம் மனதை ஊகிக்கப் பார்க்கிறது, எழுத்துப் பிழையைத் திருத்துகிறது, இணையான சொற்களைத் தானே சேர்க்கிறது. ஃபாக்டிவா, நெக்சிஸ், ப்ரோக்வெஸ்டின் ஏபிஐ இன்ஃபார்ம் போன்ற சந்தாத் தரவுத்தளங்கள் வேறு மரபில் வந்தவை. ஏபிஐ இன்ஃபார்ம் 1971-இல் தொடங்கியது. ஃபாக்டிவா 1999-இல் டவ் ஜோன்ஸும் ராய்ட்டர்ஸும் தங்கள் செய்திச் சேவைகளை இணைத்து உருவாக்கியது; 2006-இல் ராய்ட்டர்ஸின் பங்கையும் டவ் ஜோன்ஸ் வாங்கிக்கொண்டது. நூலகர்களும் வழக்கறிஞர் அலுவலகங்களும் முதலீட்டு ஆய்வாளர்களும் பயன்படுத்துவதற்காக வளர்ந்த கருவிகள் இவை. நீங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் இவற்றின் பலம். சொல்லாததைச் செய்யாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, ஸ்கேம் இல்லை என்றால் எதை வைத்துத் தேடுவது? முதலில் தேதியைக் கட்ட வேண்டும். 2008 டிசம்பர் 16 முதல் 2009 ஜனவரி 6 வரை. டிசம்பர் 16 ஏன்? அன்றுதான் ராஜு குடும்பத்துடன் தொடர்புடைய மேய்டாஸ் இன்ஃப்ரா, மேய்டாஸ் ப்ராப்பர்ட்டீஸ் என்ற இரண்டு கட்டுமான நிறுவனங்களை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக சத்யம் அறிவித்தது. சத்யம் என்ற பெயரை ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் மேய்டாஸ். முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், நியூயார்க்கில் அதன் பங்கு விலை பாதிக்கு மேல் சரிந்தது, சில மணி நேரத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள். இந்த மூன்று வாரச் சன்னலுக்குள் நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டு வரும் செய்திகளில் முதல் இருபதை நிதானமாகப் படிக்க வேண்டும். பதில் தேடிப் படிப்பதல்ல இது. எழுதியவர்கள் என்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்வதற்காகப் படிப்பது.

அப்படிக் குறித்தால் பட்டியல் இப்படி வளரும். நிறுவன ஆளுகை, அதாவது ஒரு நிறுவனம் நடத்தப்படும் முறையைக் குறிக்கும் கார்ப்பரேட் கவர்னன்ஸ். சிறுபான்மைப் பங்குதாரர்கள். தொடர்புடைய தரப்பு, அதாவது நிறுவனத்தை நடத்துபவர்களோடு தொடர்புள்ள ஆளோ நிறுவனமோ. சுயாதீன இயக்குநர், ராஜினாமா. டிசம்பர் கடைசி வாரத்தில் அடுத்தடுத்து நான்கு இயக்குநர்கள் விலகினார்கள். உலக வங்கி, தடை. உலக வங்கியின் ஊழியர்களுக்கு முறையற்ற ஆதாயங்கள் தந்ததாகச் சொல்லி சத்யத்துக்கு எட்டு ஆண்டுகள் தடை விதித்திருப்பதை அந்த வங்கி அந்த மாதம்தான் வெளிப்படையாக உறுதிசெய்தது. அப்புறம் எல்லாவற்றையும்விடக் கனமான ஒரு சொல், அடமானம். ஆங்கிலத்தில் ப்ளெட்ஜ். நிறுவனர்கள் தங்கள் பங்குகளைக் கடன் கொடுத்தவர்களிடம் அடமானம் வைத்திருந்தார்கள் என்ற செய்தி டிசம்பர் இறுதியில் வெளிவந்தது.

இந்தச் சொல் கைக்கு வந்ததும் தேடலின் தரமே மாறிவிடும். சத்யம், அடமானம் இரண்டும் ஒரே பத்தியில் வர வேண்டும் என்று கேட்டால், நூற்றுக்கணக்கான செய்திகளில் இருந்து படிக்கத்தக்க ஒரு சிறு கட்டு தனியாக வந்து நிற்கும். இந்த நிகழ்வுக்குப் பிறகு, 2009 ஜனவரியிலேயே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, நிறுவனர்கள் அடமானம் வைத்த பங்குகளின் விவரத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஆகவே 2009-க்கு முன் இந்தச் சொல் தானாகத் தேடலில் சிக்காது, அதற்குப் பின் எல்லா நிறுவனங்களுக்கும் காலாண்டுதோறும் சிக்கும். ஒரு சட்டத் திருத்தம் சொல்லின் எடையையே மாற்றிவிடுகிறது. 2015-இல் ஒரு நிறுவனத்தின் செய்தியில் அடமானம் என்று வந்தால் அது வழக்கமான அறிக்கையாக இருக்கலாம். 2008 டிசம்பரில் வந்தால் யாரோ விடாமல் கேட்டதால்தான் வந்திருக்கும்.

பெயர்களிடம் வருவோம். இங்கேதான் அதிக நேரம் வீணாகிறது.

சத்யம் என்பது வேறு நூறு இடங்களில் வரும் சொல். சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ராயப்பேட்டை சத்யம் திரையரங்கம். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு ஹெச் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அந்தத் திரையரங்கை நடத்திய எஸ்பிஐ சினிமாஸை 2018-இல் பிவிஆர் வாங்கியபோது அதுவும் வணிகச் செய்திதான். தெலுங்கு, தமிழ்ப் பெயர்களில் சத்யம் என்ற மனிதர்கள் ஏராளம். சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டு, அதன்பின் என்ன வந்தாலும் சரி என்று கேட்டீர்களானால், சத்யமேவ ஜயதே என்று அச்சான அரசு அறிவிப்புகளும் சேர்ந்து வரும்.

அதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. சத்யம் இன்ஃபோவே என்று ஒரு நிறுவனம் இருந்தது. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது, இன்று நாம் சிஃபி என்று அறிவது. ஒரு காலத்தில் சத்யம் கம்ப்யூட்டரின் துணை நிறுவனமாகத்தான் இருந்தது; 2005 நவம்பரில் தன் பங்கை சத்யம் விற்றுவிட்டது. வாங்கிய நிறுவனத்துக்குச் சொந்தக்காரர் பெயர் ராஜு வெகெஸ்னா. ஆக சத்யம், ராஜு என்ற இரண்டு சொற்களைப் போட்டுத் தேடினால், மோசடியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு ராஜுவும் பட்டியலில் இருப்பார். பெயர் தெரியாமல் படிப்பவர் இருவரையும் ஒருவர் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. அது வெறும் தேடல் தவறாக நின்றுவிடாது, ஒருவருடைய மானத்தைப் பாதிக்கிற விஷயம்.

இதற்காகத்தான் தரவுத்தளங்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீடு தருகின்றன. செய்தியில் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், அது இந்த நிறுவனத்தைப் பற்றியது என்று அவர்களே பின்னால் ஒரு முத்திரை குத்துகிறார்கள். பெயரைத் தட்டுவதைவிட இந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடுவது பல மடங்கு நல்லது. ஆனால் முழுவதும் அதையே நம்பியிருக்கவும் முடியாது. பெரும்பாலும் இயந்திரம் குத்துகிற முத்திரை இது, தவறும். பழைய செய்திகளுக்கும் சிறிய பத்திரிகைகளுக்கும் இன்னும் அதிகமாகத் தவறும். நான் இரண்டையும் தனித்தனியாகத் தேடிவிட்டு, ஒன்றில் வந்து மற்றதில் வராதவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பேன். புதையல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பங்குச் சந்தைச் சுருக்கக் குறியை வெறும் சொல்லாகப் போட்டுத் தேடவே கூடாது. நியூயார்க் பங்குச் சந்தையில் சத்யத்தின் குறி எஸ், ஏ, ஒய் என்ற மூன்று எழுத்துகள். சேர்த்துப் படித்தால் சொல் என்று பொருள்படும் சாதாரண ஆங்கில வினைச்சொல். உலகத்தில் யாராவது ஏதாவது சொன்னதாக எழுதிய எல்லாச் செய்தியும் வந்து நிற்கும்.

பெயர்கள் காலப்போக்கில் மாறுவது அடுத்த தலைவலி. 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா சத்யத்தைக் கைப்பற்றியது, ஜூனில் அது மஹிந்திரா சத்யம் ஆனது, 2013 ஜூனில் டெக் மஹிந்திராவோடு முழுக்க இணைந்தது. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 1973-இல் பதிவானபோது அதன் பெயர் மைநைலான். பிறகு ரிலையன்ஸ் டெக்ஸ்டைல் இண்டஸ்ட்ரீஸ். 1985-இல்தான் இன்றைய பெயர். தூத்துக்குடியில் 1921-இல் தொடங்கிய வங்கியின் பெயர் நாடார் வங்கி. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் அந்த வங்கி தன் பெயரில் தமிழ்நாடு என்பதை ஒரே சொல்லாக, கடைசி உகரம் இல்லாமல் தமில்நாட் என்றுதான் எழுதுகிறது. மாநிலத்தின் பெயரை எழுதுவது போல இரண்டு சொல்லாகப் பிரித்து, கடைசியில் யு போட்டுத் தேடினால் அந்த வங்கியைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி கைக்கு வராது. ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். 1996-க்கு முன் மெட்ராஸ், 2014 நவம்பருக்கு முன் பெங்களூர். டூட்டிகோரின் என்றும் தூத்துக்குடி என்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றுவரை மாற்றி மாற்றி எழுதுகின்றன.

எந்த நிறுவனத்தைத் தேடுவதானாலும் முதலில் ஒரு தாளில் அதன் பெயர் வரலாற்றை எழுதிவிடுங்கள். இந்திய நிறுவனமானால் இதற்கு ஒரு நல்ல துணை உண்டு. கம்பெனி விவகார அமைச்சகம் தரும் 21 இலக்க அடையாள எண். அதன் முதல் எழுத்து, பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனமா இல்லையா என்று சொல்லும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை. பிறகு மாநிலம், பதிவான ஆண்டு, நிறுவன வகை, கடைசியில் பதிவு எண். ரிலையன்ஸின் எண்ணில் தொழில் வகை இன்னமும் 17 என்றுதான் தொடங்குகிறது. அது நெசவுத் தொழிலின் எண். எண்ணெயும் தொலைபேசியும் வந்த பிறகும் அந்த எண்ணில் பழைய தறி ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் மாறினாலும் கடைசிப் பதிவு எண் பொதுவாக அப்படியே இருப்பதால், இரண்டு பெயர்களும் ஒரே நிறுவனத்தைத்தான் குறிக்கின்றனவா என்ற சந்தேகத்தை அது தீர்த்து வைக்கும்.

எண்களை வைத்துத் தேடுவது பலருக்குத் தோன்றாத வழி. 5,040 கோடி என்பது வேறு எதற்கும் தற்செயலாகப் பொருந்தாத தொகை. அதை அப்படியே தட்டினால் அந்தக் கடிதத்தைப் பற்றிய செய்திகள் சுத்தமாக வரும். ஆனால் இந்தியப் பத்திரிகைகள் மட்டுமே அப்படி எழுதும். ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி முகமைகள் அதே தொகையை 50.4 பில்லியன் ரூபாய் என்று எழுதும். அமெரிக்கப் பத்திரிகை அன்றைய மாற்று விகிதத்தில் கணக்குப் போட்டு ஒரு பில்லியன் டாலர் என்று எழுதிவிட்டுப் போகும். கோடியில் தேடினால் உலகம் விடுபடும், பில்லியனில் தேடினால் உள்ளூர் விடுபடும். மூன்று வடிவத்தையும் ஆர், அதாவது அல்லது என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைப் போட்டு இணைக்க வேண்டும். பிற்பாடு மோசடியின் மொத்த அளவாக 7,136 கோடி என்ற இன்னோர் எண் புழங்கத் தொடங்கியது. எந்த எண் எந்தத் தேதியில் முதலில் வந்தது என்று பார்த்தாலே கதை எப்படி வளர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

இதாவது இருக்க வேண்டும் என்கிற ஆர், இரண்டும் இருக்க வேண்டும் என்கிற ஆண்ட், இது இருக்கக் கூடாது என்கிற நாட் ஆகிய மூன்று இணைப்புச் சொற்களைப் பற்றி எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கிறது, நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாட் என்பதை முடிந்தவரை தொடாதீர்கள். திரையரங்கச் செய்திகள் வேண்டாம் என்று நினைத்து சினிமா என்ற சொல்லை நாட் போட்டு விலக்கினால், சத்யத்தின் வீழ்ச்சியை ஏதோ சினிமாக் கதையோடு ஒப்பிட்டு எழுதிய நல்ல கட்டுரையும் சத்தமில்லாமல் போய்விடும். போனது நமக்குத் தெரியவே தெரியாது.

அதைவிடப் பயனுள்ளவை இரண்டு. ஒன்று, அருகாமை. இரண்டு சொற்களும் ஐந்து சொற்களுக்குள் வர வேண்டும், அல்லது ஒரே பத்தியில் வர வேண்டும் என்று கேட்கலாம். ராஜினாமா என்ற சொல் ஒரு செய்தியின் மேலேயும் சத்யம் என்ற பெயர் அதன் அடியில் வேறு நிறுவனங்களோடு பட்டியலாகவும் வந்தால் அது நமக்கு வேண்டியதில்லை. இரண்டு, எத்தனை முறை. சத்யம் என்ற சொல் குறைந்தது ஐந்து முறை வந்த செய்தி மட்டும் என்று ஃபாக்டிவாவிலும் நெக்சிஸிலும் கேட்க முடியும். தினமும் பங்குச் சந்தை நிலவரத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகும் ஆயிரக்கணக்கான செய்திகளை இந்த ஒரு கட்டளை ஒதுக்கிவிடும். தலைப்பிலோ முதல் பத்தியிலோ பெயர் வர வேண்டும் என்று கேட்பதும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். செய்தியாளர்கள் முக்கியமானதை முதல் பத்தியிலேயே வைக்கப் பயின்றவர்கள் என்பதால் அது பலிக்கிறது.

தேதி விஷயத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். 2008 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது என்ற செய்தி பங்கு வர்த்தகர்களின் திரைகளில் ஓடியது. சுமார் 12 டாலரில் இருந்த பங்கு சில நிமிடங்களில் 3 டாலருக்குச் சரிந்தது, வர்த்தகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. செய்தி பொய்யில்லை. ஆனால் ஆறு ஆண்டு பழையது. 2002 டிசம்பரில் யுனைடெட் உண்மையிலேயே திவால் மனு கொடுத்திருந்தது; 2006-இல் மீண்டும் வந்திருந்தது. அந்தப் பழைய ஷிகாகோ ட்ரிப்யூன் செய்தி, அதே குழுமத்தைச் சேர்ந்த ஃபுளோரிடாப் பத்திரிகை ஒன்றின் தளத்தில், அதிகம் பார்க்கப்பட்டவை என்ற பட்டியலில் எப்படியோ தலைகாட்டியது. பக்கத்தில் செய்தியின் தேதி தெளிவாக இல்லை. கூகுளின் இயந்திரம் அதைப் புதிய செய்தி என்று எடுத்துக்கொண்டது, அங்கிருந்து அது ஒரு முதலீட்டுக் குறிப்பாக ப்ளூம்பெர்க் திரைக்குப் போனது. அதே நாளில் பங்கு பெரும்பகுதி மீண்டாலும், நடுவில் விற்றவர்களின் பணம் போனது போனதுதான்.

சந்தாத் தரவுத்தளங்களின் மதிப்பை எனக்குப் புரியவைத்தது இந்தச் சம்பவம். அவற்றில் ஒவ்வொரு செய்திக்கும் அச்சான தேதி, பத்திரிகை, பக்கம், சொற்களின் எண்ணிக்கை எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். ஆனாலும் அச்சுப் பதிப்பின் தேதி வேறு, இணையத்தில் ஏறிய நேரம் வேறு, முகமை அனுப்பிய நேரம் வேறு. இந்தியாவில் மாலை நடந்தது நியூயார்க்கில் காலை. டிசம்பர் 16 இரவு மேய்டாஸ் திட்டம் கைவிடப்பட்டதால், 17-ஆம் தேதி அச்சுப் பதிப்புகளில் சிலவற்றில் வாங்கப் போகிறது என்றும் சிலவற்றில் கைவிட்டது என்றும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அச்சுக்குப் போன நேரம்தான் வித்தியாசம். யார் முதலில் சொன்னார்கள் என்று வாதிடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

பிடிஐ செய்தி முகமை அனுப்பிய ஒரே செய்தி இருபது பத்திரிகைகளில் இருபது முறை வரும். ஒன்றுபோல் இருப்பவற்றை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொண்டால் கண் வலி குறையும். எந்த ஊரில் எந்தப் பத்திரிகை அதைப் போட்டது, எந்தப் பத்தியை வெட்டியது என்பது உங்கள் கேள்வியானால் மட்டும் அந்த வசதியை எடுத்துவிடுங்கள். எத்தனை செய்தி வந்தது என்ற எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒரே குரலின் இருபது எதிரொலியை இருபது சாட்சிகளாக எண்ணிவிடக் கூடாது.

தேடியது கிடைக்கவில்லை என்றால் அது எழுதப்படவே இல்லை என்று முடிவுகட்டும் முன், தரவுத்தளத்தில் இருக்கும் ஓட்டைகளையும் யோசிக்க வேண்டும். 2001 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாசினி வழக்கில் ஒரு தீர்ப்புத் தந்தது. பத்திரிகை ஊழியர்களாக இல்லாமல் தனித்து எழுதியவர்களின் கட்டுரைகளை, அவர்களைக் கேட்காமல் மின் தரவுத்தளங்களில் போட்டது உரிமை மீறல் என்றது ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மை. எழுத்தாளர்களுக்குக் கிடைத்த நியாயம் அது. ஆனால் அதன் விளைவாக நியூயார்க் டைம்ஸ் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தரவுத்தளங்களில் இருந்து நீக்கியது. பெரும்பாலும் 1980-களையும் 90-களின் முதல் பாதியையும் சேர்ந்தவை. அந்தக் காலத்தைப் பற்றித் தேடுபவர் வெற்றுத் திரையைப் பார்த்து, அப்போது யாரும் இதைப் பற்றி எழுதவில்லை போலும் என்று நினைப்பது எவ்வளவு எளிது! இது தவிர, வரைபடங்களும் பங்கு விலை அட்டவணைகளும் விளம்பரங்களும் பெரும்பாலும் உள்ளே வருவதில்லை. ஒவ்வொரு பத்திரிகையும் எந்தத் தேதியில் இருந்து உள்ளே இருக்கிறது என்ற விவரம் மூலங்களின் பட்டியலில் இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

சந்தா கட்ட முடியாதவர்களுக்கும் வழி உண்டு, அதுவும் நல்ல வழி. செய்திக்கு மூலமான ஆவணம் பல நேரங்களில் இலவசம். செபியின் 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலான நிறுவனங்கள் முக்கிய நிகழ்வுகளைப் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தாக வேண்டும். மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் தளங்களில் அந்த அறிவிப்புகளை யாரும் படிக்கலாம். அமெரிக்காவில் பட்டியலான நிறுவனங்களின் ஆவணங்கள் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசியின் எட்கார் தளத்தில் கிடைக்கும். 2001-க்குப் பிந்தியவற்றை உள்ளடக்கச் சொல்லைப் போட்டே தேடலாம். சத்யம் நியூயார்க்கிலும் பட்டியலாகி இருந்ததால் அதன் தடமும் அங்கே உண்டு. செய்தியையும் அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். நிறுவனம் எந்தச் சொல்லைத் தவிர்த்தது என்பது அப்போது தெரியும். ஆட்குறைப்பு என்ற சொல்லை எந்த நிறுவனமும் தானாக எழுதாது. மறுசீரமைப்பு என்றோ பணித்திறன் மதிப்பீடு என்றோதான் எழுதும். செய்தியாளர் எழுதும் சொல், நிறுவனம் எழுதும் சொல், வேலை போனவர் சொல்லும் சொல் என்று மூன்றையும் தேட வேண்டும்.

தமிழில் தேடுவது இன்னொரு உலகம். நம் வணிகச் செய்திகள் உலகத் தரவுத்தளங்களில் மிகக் குறைவாகவே இருக்கின்றன. பத்திரிகைத் தளங்களில் தேடும்போதும் மொழியின் அமைப்பைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும். கடன் என்று தட்டினால் கடனை, கடனுக்கு, கடனால் ஆகியவை வராமல் போகலாம். கணினியில் கடன் என்பதன் கடைசியில் ஒரு புள்ளி தனிக் குறியாக நிற்கிறது, வேற்றுமை உருபு சேர்ந்ததும் அது போய்விடுகிறது. ஆகவே சொல்லின் ஆரம்பத்தை மட்டும் கொடுத்துத் தேட வசதி இருந்தால், புள்ளியை விட்டுவிட்டு கடன என்று கொடுக்க வேண்டும். நிறுவனம் என்பதை நிறுவன என்று வெட்டினால்தான் நிறுவனத்தின், நிறுவனங்கள் இரண்டும் சிக்கும். பங்கு என்று வெட்டினால் பங்குனி உத்திரமும் பங்குத் தந்தையும் சேர்ந்தே வருவார்கள். அங்கே பங்குச், பங்குகள், பங்குதாரர் என்று பிரித்துக் கொடுப்பது நல்லது.

ஸ்ரீராம் ஃபைனான்ஸ் போன்ற பெயரில் மூன்று சிக்கல்கள் ஒன்றாக இருக்கின்றன. ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக உள்ளிடலாம், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், இயந்திரத்துக்கு வேறு வேறு. ஃபைனான்ஸ், பைனான்ஸ், ஃபினான்ஸ் என்று எழுத்து மாறும். அதோடு 2022-க்கு முன் அந்தப் பெயரே ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையில் தேடுவதானால் கோடி, பட்ஜெட், கம்பெனி ஆகியவற்றை விட்டுவிட்டு மில்லியன், வரவு செலவுத் திட்டம், கம்பனி என்று மாற வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்குறி முறை பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்தக் காலத்து இணையப் பக்கங்களில் எஞ்சியவை இன்றைய தேடலுக்குப் புரியாத குறிகளாகத்தான் கிடக்கின்றன. அதற்கு சென்னை கன்னிமாரா நூலகம் போன்ற இடத்துக்குப் போய்ப் பழைய கட்டுகளைப் புரட்டுவதுதான் வழி. இந்தியாவில் அச்சாகும் பத்திரிகைகளின் பிரதி சட்டப்படி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. தரவுத்தளத்தில் தேதியை மட்டும் உறுதிசெய்துகொண்டு போனால், அங்கே ஒரு நாள் முழுக்கப் புரட்ட வேண்டியது ஒரு மணி நேரத்தில் முடியும்.

தேடும்போது எந்தச் சொற்களை, எந்தத் தேதி எல்லைக்குள், எந்த நாளில் தேடினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேள்வியாகவே கேட்டு, பதிலாகவே வாங்கிக்கொள்ள முடிகிறது. தொடக்கத்தில் சொற்பட்டியல் தயாரிக்க அவை நன்றாக உதவுகின்றன. ஆனால் அவை சொல்லும் செய்தியைத் தரவுத்தளத்தில் தலைப்போடும் தேதியோடும் கண்ணால் பார்க்காமல் நான் எங்கும் எடுத்து எழுத மாட்டேன். இல்லாத கட்டுரைக்கு இருக்கும் பத்திரிகையின் பெயரை வைத்து அவை தருவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுபடி சத்யத்துக்கு வருகிறேன். டிசம்பர் மாதத்துக்கென்று நாம் தயாரித்த சொற்களில் நிறுவன ஆளுகை என்பதும் ஒன்று. அதே சொல்லை, அதே நிறுவனக் குறியீட்டோடு, தேதிச் சன்னலை மட்டும் மூன்று மாதம் பின்னால் நகர்த்தித் தேடிப் பாருங்கள். 2008 செப்டம்பரில் முதலில் கண்ணில் படுவது ஒரு பாராட்டுச் செய்தி. சிறந்த நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீகாக் விருது சத்யத்துக்குக் கிடைத்த செய்தி. இதைச் சத்யம், ஸ்கேம் என்று தேடியவரும் பார்த்திருப்பார், ஆனால் ஜனவரிக்குப் பிறகு விருது பறிக்கப்பட்டதைச் சொல்லும் செய்தியில் ஒரு வரியாகத்தான். செப்டம்பர்ச் செய்தியை செப்டம்பரின் சொற்களிலேயே படிக்கும்போதுதான், அன்று அந்த நிறுவனத்தை எல்லோரும் எப்படிப் பார்த்தார்கள் என்பது தெரிகிறது. அங்கிருந்து ஒவ்வொரு வாரமாக முன்னால் நகர்த்திக்கொண்டே வந்தால், அதே சொல் டிசம்பர் 17 அன்று கோபமான முதலீட்டாளர்களின் வாயில் இருப்பதைப் பார்க்கலாம்.